ஆய்வகத்தின் தீட்டு

என் பெரியம்மா மகளுக்கு ஒரே பெண் குழந்தை. ஒரு வயதில் ‘ம்மா’ என்றது, ‘தண்ணி’ என்றது, பிஸ்கட்டைத் தானே எடுத்துத் தின்றது. ஒன்றரை வயதில் அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாகப் போயின. கைகள் எதையும் எடுப்பதை விட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுவதுபோல ஒன்றையொன்று பிசைந்துகொண்டே இருந்தன. கூப்பிட்டால் திரும்பவில்லை. முதலில் காதைத்தான் சோதித்தார்கள். காதில் குறை இல்லை. அதற்குப் பிறகு குறை முழுவதும் அக்காவிடம் தேடப்பட்டது. கர்ப்பத்தில் கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்றார் மாமியார். பிள்ளையிடம் பேசாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்றார் நாத்தனார். சில ஆண்டுகள் கழித்து மரபணுச் சோதனையில்தான் நோயின் பெயர் தெரிந்தது: ரெட் சிண்ட்ரோம். அன்று இரவு அக்கா போனில் கேட்டாள்: “நீதான் டாக்டர் பட்டம் வாங்கினவளாச்சே. நான் என்னடி தப்பு பண்ணினேன்னு படிச்சுப் பார்த்துச் சொல்லு.”

நான் வாங்கியது தமிழில் முனைவர் பட்டம். அது அக்காவுக்கும் தெரியும். கேட்பதற்கு வேறு ஆள் இல்லாததால் என்னிடம் கேட்டாள். அகராதியை ஒரு பக்கமும் கட்டுரையை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். நோயைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போனவள் எலிகளிடம் போய்ச் சேர்ந்தேன். அங்கே கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரெட் சிண்ட்ரோம் பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கு வரும் நோய். ஏறத்தாழ பத்தாயிரம் பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. ஆறு மாதம் முதல் பதினெட்டு மாதம்வரை இயல்பாக வளர்ந்த குழந்தை, பேச்சையும் கைப்பயன்பாட்டையும் இழக்கிறது. வலிப்பு வரலாம், மூச்சு தாறுமாறாகலாம். வியன்னாவின் குழந்தை மருத்துவர் ஆந்திரியாஸ் ரெட் 1966இல் இதைப் பற்றி எழுதினார். 1983இல் ஸ்வீடனின் பெங்ட் ஹாக்பெர்க்கும் மற்றவர்களும் 35 சிறுமிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பிறகுதான் உலகம் கவனித்தது. 1999இல் அமெரிக்காவில் ஹூடா ஸோக்பியின் குழு காரணத்தைக் கண்டுபிடித்தது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ‘மெக்பி2’ என்ற மரபணுவில் ஏற்படும் பிழை அது. ஸோக்பி லெபனானில் பிறந்து வளர்ந்த பெண்.

இங்கே கொஞ்சம் உயிரியல் வேண்டும். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு. அவற்றில் ஒன்று உறங்கிவிடுகிறது. எந்த எக்ஸ் உறங்குவது என்பது கரு வளரும்போதே செல்லுக்குச் செல் மாறுபடும். இதை 1961இல் சொன்னவர் இங்கிலாந்தைச் சேர்ந்த மேரி லயன். அவர் கண்டது பெண் சுண்டெலிகளின் ரோமத்தில். ஒரே எலியின் மேல் இரு நிறத் திட்டுகள். நம் தெருவில் திரியும் மூவண்ணப் பூனையைப் பாருங்கள். அது அநேகமாகப் பெண் பூனையாகத்தான் இருக்கும், காரணம் இதுதான். மேரி லயன் கேம்பிரிட்ஜில் படித்து முடித்தபோது அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் தரவில்லை. பெயரளவுப் பட்டம்தான் கொடுத்தது. முழுப் பட்டம் 1948இல்தான் வந்தது.

அக்கா மகளின் மூளையும் அந்தப் பூனையின் தோலைப் போலத்தான். சில நரம்பணுக்களில் நல்ல எக்ஸ் விழித்திருக்கிறது, சிலவற்றில் பிழையான எக்ஸ். நலமும் நோயும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் மூளை அது. ஆணுக்கு இருப்பது ஒரே எக்ஸ். அதில் பிழை என்றால் எல்லாச் செல்லிலும் பிழை. அதனால்தான் இந்தப் பிழையோடு பிறக்கும் ஆண் குழந்தைகள் பெரும்பாலும் மிகக் கடுமையாகப் பாதிக்கப்படுகிறார்கள், பலர் சிறு வயதிலேயே இறந்துவிடுகிறார்கள்.

2001இல் இந்த மரபணு இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் மிகப் பல ஆண் எலிகளிலேயே நடந்தன. பெண் குழந்தைகளின் நோய்க்கு ஆண் எலி! ஏன்? மரபணு அறவே இல்லாத ஆண் எலிக்குச் சில வாரங்களிலேயே நோய் தெரிந்துவிடும், எல்லா ஆண் எலிக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். பெண் எலிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், எலிக்கு எலி வேறுபாடும் இருக்கும். காத்திருந்தால் செலவு, வேறுபாடு இருந்தால் கணக்கு சிக்கல். அந்தக் காத்திருப்பும் அந்த வேறுபாடும்தான் இந்த நோய் என்பதை வசதியாக ஒதுக்கிவைத்தார்கள்.

இது வெறும் பிரதிநிதித்துவச் சண்டை அல்ல. இந்த நோய்க்கு நல்ல மரபணுவை மூளைக்குள் செலுத்தும் சிகிச்சையை முயன்றுவருகிறார்கள். ஆனால் மெக்பி2 குறைந்தாலும் நோய், கூடினாலும் நோய். அது இரட்டிப்பானால் வரும் தனி நோயே உண்டு. ஆண் எலியின் மூளையில் எந்தச் செல்லிலும் அந்த மரபணு வேலை செய்யவில்லை. எங்கே செலுத்தினாலும் பற்றாக்குறைதான் தீரும். சிறுமியின் மூளையில் நல்ல செல்களும் கலந்திருக்கின்றன. செலுத்தியது அவற்றுக்கும் போனால் அளவு மீறும். அந்த ஆபத்தை ஆண் எலி எப்படிக் காட்டும்?

இந்த ஒரு நோயோடு முடிந்துவிடும் கதையாக இருந்தால் இதற்குத் ‘தீட்டு’ என்று தலைப்பு வைத்திருக்க மாட்டேன். அன்னாலீஸ் பீரியும் இர்விங் ஜூக்கரும் 2009இல் வெளியான விலங்கு ஆய்வுகளை எண்ணிப் பார்த்து 2011இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பத்துத் துறைகளில் எட்டில் ஆண் விலங்கே மிகுதி. மூளை நரம்பியலில் நிலைமை மிக மோசம். பெண் விலங்கை மட்டும் வைத்து ஓர் ஆய்வு நடந்தால், ஆண் விலங்கை மட்டும் வைத்து ஐந்தரை ஆய்வு என்ற கணக்கு. பெண் விலங்கு மிகுந்திருந்த இரண்டு துறைகளில் ஒன்று இனப்பெருக்கம். அங்கே நம்மை விட்டால் வேறு ஆள் கிடையாதே!

இதற்குச் சொல்லப்பட்ட காரணத்தைக் கேளுங்கள். பெண் எலிக்கு நான்கைந்து நாளுக்கு ஒருமுறை ஹார்மோன் சுழற்சி வருமாம். அதனால் அவள் நிலையற்றவளாம், அளவுகள் கலங்கிப்போகுமாம், ஆண் எலியே ‘சுத்தமான’ மாதிரியாம். இந்த வாக்கியத்தை நான் எங்கே கேட்டிருக்கிறேன்? என் ஊரில் பாட்டி வீட்டுப் பின்கட்டில் கேட்டிருக்கிறேன். அங்கே தனித் தட்டும் தனிப் பாயும் இருந்தன. “அந்த மூணு நாளும் எதையும் தொடாதே, தொட்டா கெட்டுடும்” என்றாள் பாட்டி. “சேர்த்துக்கொண்டால் தரவு கெட்டுவிடும்” என்றது ஆய்வகம். பாட்டி அதைச் சாஸ்திரம் என்றாள், இவர்கள் அறிவியல் என்றார்கள்.

அறிவியல் என்றால் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். காலம் கடந்து சோதித்தார்கள். 2014இல் ஜூக்கரும் உடனிருந்தவர்களும் 293 கட்டுரைகளின் அளவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பெண் எலிகள் ஆண் எலிகளைவிட அதிகம் மாறுபடவில்லை. சில பண்புகளில் ஆண் எலிகள்தான் அதிகம் மாறுபட்டன. ஒரே கூண்டில் விட்டால் யார் பெரியவன் என்று சண்டையிட்டுக் கடித்துக்கொள்பவை ஆண் எலிகள். அந்தக் கலக்கத்தை மட்டும் யாரும் ‘நிலையற்ற தன்மை’ என்று சொல்லி வெளியே நிறுத்தவில்லை.

அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2016 முதல், தங்கள் நிதியில் நடக்கும் ஆய்வுகளில் பால் வேறுபாட்டைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்றன. 2019இன் கட்டுரைகளை மறுபடி எண்ணியபோது, இருபாலும் சேர்ந்த ஆய்வுகள் 28 விழுக்காட்டிலிருந்து 49 விழுக்காடாக உயர்ந்திருந்தன. நல்லது. ஆனால் சேர்த்துக்கொண்ட பிறகு ஆண், பெண் எனப் பிரித்து ஆராயும் வழக்கம் பெரும்பாலான துறைகளில் அதே வேகத்தில் வளரவில்லை. பந்தியில் இடம் கொடுத்துவிட்டு இலை போடாத கதை.

“வெளிநாட்டு எலிக்கும் நமக்கும் என்ன?” என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். எலியில் தொடங்குவது மாத்திரையில் முடிகிறது, அம்மா. ஸோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையின் அளவைப் பெண்களுக்குப் பாதியாகக் குறைக்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் அறிவித்தது. மருந்து சந்தைக்கு வந்து இருபது ஆண்டுகள் கழித்து! அதுவரை எத்தனை பெண்கள் மயக்கம் தெளியாத காலையில் வண்டி ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார்கள்?

இன்னொரு கேள்வியும் வரும், அது நியாயமான கேள்வி. “பெண் எலிகளையும் கொல்லச் சொல்கிறாயா?” எலிகள் சாகும் இந்த ஏற்பாடு எனக்கு உவப்பானதல்ல. ஆனால் ஆய்வகம் பெண் எலியை விட்டுவைத்தது இரக்கத்தால் அல்ல. ஆண் எலி வேண்டும் என்று வளர்க்கும்போது கூடவே பிறக்கும் பெண் குட்டிகள் தேவையில்லை என்று கொல்லப்படுகின்றன. பெண் சிசுவின் கதை தெரிந்த மண்ணில் இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஓர் உயிரை எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், யாருடைய நோய்க்காக எடுக்கிறோமோ அவர்களுக்கு உதவாத விடையை அதிலிருந்து பெறுவது இரட்டைக் குற்றம்.

இனி, பெண் எலியை உள்ளே விட்ட ஓர் ஆய்வைச் சொல்கிறேன். கூட்டிலிருந்து விலகி விழுந்த எலிக்குட்டி, மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியில் கத்தும். தாய் எலி தேடிப்போய்க் கவ்விக்கொண்டு வரும். அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் கீர்த்தி கிருஷ்ணன், ஸ்டீபன் ஷே முதலியோர் ஒரு மெக்பி2 பிழையும் ஒரு நல்ல எக்ஸும் கொண்ட பெண் எலிகளை எடுத்துக்கொண்டார்கள். அதாவது அக்கா மகளைப் போன்றவர்களை. குட்டி ஈனாத அந்த எலிகளைத் தாயும் குட்டிகளும் இருக்கும் கூண்டில் விட்டார்கள். இயல்பான எலிகள் சில நாட்களில் குட்டிகளைத் தூக்கிவரக் கற்றுக்கொண்டன. இவை திணறின. மூளையில் ஒலியைப் புரிந்துகொள்ளும் பகுதியில், சில நரம்பணுக்களைச் சுற்றி வலை போன்ற ஓர் உறை அளவுக்கு மீறிக் கட்டிக்கொண்டு, புதிதாகக் கற்பதைத் தடுத்தது. அந்த வலையை ஒரு நொதியால் கரைத்தபோது எலிகள் தேறின. இது 2017இல் வெளியானது. வளர்ந்த பெண்ணின் மூளையில், கேட்டுக் கற்கும் இடத்தில், நோய் எப்படிக் குறுக்கே நிற்கிறது என்று பெண் எலியே காட்டித்தந்தது.

பெண் எலியை உள்ளே விட்டதும் அவளுக்குத் தாய் வேலைதானா கொடுத்தீர்கள் என்ற எரிச்சல் எனக்கும் வந்தது. ஆனால் அந்தச் சோதனையிலிருந்து கிடைத்ததைக் கவனியுங்கள். குட்டி ஈனாத எலி, தாயோடு இருந்து கற்கிறது. பியான்கா ஜோன்ஸ் மார்லினும் ராபர்ட் ஃப்ரோம்கியும் 2015இல் காட்டியது, ஆக்சிடோசின் உதவியோடு இடப்பக்கச் செவிப்பகுதி குட்டியின் குரலுக்குப் பழகுகிறது என்பதை. 2021இல் ஃப்ரோம்கியின் குழு, தாய் எலி மற்றப் பெண் எலியைக் கூட்டுக்கு இழுத்துவந்து பழக்குவதையும் கண்டது. எலியிடம் போய் நாம் வாழ்க்கைப் பாடம் படிக்க வேண்டியதில்லை. ஆனால் ‘தாய்மை பெண்ணின் ரத்தத்தில் ஊறியது, இயற்கையே சாட்சி’ என்று பேசுகிறவர்கள், தாங்கள் கூப்பிட்ட சாட்சியின் வாக்குமூலத்தை முழுதாகக் கேட்கட்டும். தாய்மையின் பெரும்பகுதி கேட்டும் பார்த்தும் பழகுவது, இன்னொருத்தி துணையோடு பழகுவது.

மாணவிகளுக்கு ஒன்று சொல்கிறேன். ‘எலிகளில் நடந்த ஆய்வில் கண்டுபிடிப்பு’ என்று செய்தி வந்தால், ஆண் எலியா பெண் எலியா என்று கேளுங்கள். கட்டுரையில் ‘முறைகள்’ என்ற பகுதியில் இருக்கும், அதைப் படிக்க முனைவர் பட்டம் வேண்டாம். உங்களில் யாராவது ஆய்வகத்துக்குப் போனால், பெண் எலியை வெளியே நிறுத்தும் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு விடை சொல்லியாகிவிட்டது. 2001இல் வந்த ஓர் ஆய்வு, குடும்பத்தில் முன்பு இல்லாமல் புதிதாகத் தோன்றும் இந்த மரபணுப் பிழை ஏறக்குறைய எப்போதும் தந்தைவழி எக்ஸில்தான் தோன்றுகிறது என்று காட்டியது. அது தந்தையின் குற்றமும் அல்ல. விந்தணு உருவாகும்போது நேரும் நகலெடுப்புத் தவறு. கிரகணமும் இல்லை, போனும் இல்லை. இதைச் சொன்னபோது அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இதைத் தமிழ்ல எழுதித் தாடி, எங்க மாமியார்கிட்ட காட்டணும்” என்றாள்.

எழுதிவிட்டேன்.