திருட்டுப் பிரதி யாருக்கு லாபம்?

சென்ற மாதம் ஒரு காலையில் நமது சங்க அலுவலகத்துக் கம்ப்யூட்டரைத் திறந்தபோது, அதிலிருந்த பைல் ஒன்றுகூடத் திறக்கவில்லை. மூடிய மில்லின் தொழிலாளர்கள் கிராஜுட்டி பாக்கிக்காகக் கொடுத்த சர்வீஸ் விவரங்கள், சந்தாப் பட்டியல், தயாரித்து வைத்த மனுக்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. நடுவே ஓர் ஆங்கிலக் கடிதம்: 980 டாலர் கட்டு, சாவி தருகிறோம், 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி விலை!

இதற்கு நாம் எந்த முதலாளியையும் குறை சொல்ல முடியாது. கதவைத் திறந்துவிட்டவர்கள் நாமே. சாப்ட்வேரை விலைக்கு வாங்கப் பணமில்லை என்று, ஒரு தோழர் இனாமாகக் கிடைத்த பிரதியைப் போட்டார். சிக்கனம் என்று நாமும் மெச்சினோம்.

சாப்ட்வேர் என்றால் என்ன? ஜக்கார்டு தறியில் அட்டை கோக்காவிட்டால் சேலையில் பூ விழாது. கம்ப்யூட்டருக்கு அந்த அட்டைதான் சாப்ட்வேர். அதை எழுதுவதில்தான் உழைப்பு. எழுதியபின் லட்சம் பிரதி எடுக்கச் செலவு சொற்பம். ஆனால் கம்பெனி ஒவ்வொரு பிரதிக்கும் ஆயிரக்கணக்கில் விலை கேட்கிறது. அப்படிப்பட்டவனிடம் எடுத்தால் என்ன பாவம் என்று நமது வாலிபர்கள் கேட்கிறார்கள். அந்தக் கோபம் நமக்குப் புரிகிறது. ஆனால் நஷ்டம் யாருக்கு என்று பார்க்க வேண்டாமா?

திருட்டுப் பிரதியோடு, பூட்டை உடைக்க 'கிராக்' என்று ஒரு சிறு புரோகிராம் வரும். கிருமித் தடுப்பை நிறுத்திவிட்டு என்னை ஓட்டு என்று அதுவே சொல்லும். நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடனை அழைக்கிற வேலை! 'ஸ்டாப்' என்றும் 'டிஜாவு' என்றும் பெயர் பெற்ற கொள்ளைக் கிருமி 2018 முதல் பரவியது பெரும்பாலும் இந்த வழியில்தான். அது பெரிய பாங்கிகளைத் தேடிப் போகவில்லை. கிராக் தேடிய மாணவனிடமும் சிறு கடைக்காரனிடமும்தான் வந்தது. அதன் பழைய வகைகளுக்கு நிபுணர்கள் இலவசச் சாவி வெளியிட்டிருக்கிறார்கள். நமக்கு வந்தது அதில் அடங்கவில்லை. பணம் கட்டுவதில்லை என்று தீர்மானித்தோம். கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு ஜாமீன் யார்?

சட்டமும் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 1994இல் சேர்த்த 63பி பிரிவின்படி, தெரிந்தே திருட்டு சாப்ட்வேரை உபயோகிப்பவருக்குக் குறைந்தது 7 நாள், அதிகம் 3 வருஷம் சிறை. அபராதம் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை. வியாபாரத்துக்கு அல்லாமல் உபயோகித்தவருக்கு மட்டும் கோர்ட்டு சிறையை விட்டு, 50,000 வரை அபராதத்தோடு நிறுத்தலாம். சீட்டு எடுக்கப்பட்ட மில் தொழிலாளியின் மகன் கடன் வாங்கி டைப் அடிக்கும் கடை வைத்தால், அவனுக்கு அந்தச் சலுகைகூடக் கிடையாது.

ஏகபோகக் கம்பெனி இதனால் அழுகிறதா? 1998இல் மைக்ரோசாப்ட் அதிபர் பில் கேட்ஸ் சீனாவைப் பற்றிப் பேசும்போது உண்மையைப் போட்டு உடைத்தார். திருடத்தான் போகிறார்கள் என்றால் நமது சரக்கையே திருடட்டும், பழகிவிடுவார்கள், பிறகு வசூலிக்க வழி கண்டுபிடிப்போம் என்பது அவர் பேச்சின் சாரம். முதல் பீடியை இனாமாகக் கொடுக்கிறவன் கணக்கு இது. நாம் கம்பெனியை ஏமாற்றியதாக நினைத்தோம். கம்பெனிக்கு வாடிக்கை பிடித்துக் கொடுத்திருக்கிறோம்.

திருடாமலே எடுத்துக்கொள்ளக்கூடியதும் உண்டு. அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் தொடங்கிய முயற்சியும், பின்லாந்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸும் சேர்ந்து, யாரும் பிரதி எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற சாப்ட்வேரைத் தந்தன. பக்கத்துக் கேரளத்தில் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள் அதில்தான் பாடம் கற்கிறார்கள். தமிழிலும் டைப் அடிக்கலாம். பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நமது அலுவலகத் தோழர் இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆசிரியத் தோழர் ஒருவர் வந்து யந்திரத்தைத் துடைத்து லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டார். பட்டியலை முதலிலிருந்து எழுதுகிறோம். கிராஜுட்டி மனுக் கொடுத்தவர்கள் சர்வீஸ் சீட்டு, பி.எப். சீட்டு, கடைசிச் சம்பளச் சீட்டு ஆகியவற்றோடு மாலை ஆறு மணிக்குமேல் அலுவலகத்துக்கு வர வேண்டும். இறந்துபோன தொழிலாளிகளின் குடும்பத்தாருக்குப் பக்கத்து வீட்டுத் தோழர்கள் சொல்லியனுப்புங்கள்.