வண்டியை அணைச்சுடுங்க அப்பா!



சோறு இல்லாமல் சில நாள் இருந்து விடலாம். தண்ணீர் இல்லாமல் ஓரிரு நாள் தாங்கலாம். ஆனால், காற்று இல்லாமல் சில நிமிடங்கள்கூட இருக்க முடியாது. பெரியவர் ஒருவர் ஒரு நாளில் சுவாசிக்கும் காற்று எவ்வளவு தெரியுமா? சுமார் 11 ஆயிரம் லிட்டர்!

தண்ணீர் கெட்டுப் போனால் வடிகட்டுகிறோம், காய்ச்சிக் குடிக்கிறோம். தெருவில் வீசும் காற்றைக் காய்ச்சி வடிகட்ட முடியுமா? முடியாது. அதைக் கெடுக்காமல் இருப்பதுதான் நல்ல வழி.

நாளை காலை, மணி அடிப்பதற்கு முன் உங்கள் பள்ளி வாசலைக் கவனியுங்கள். ஆட்டோ, வேன், பைக், கார் என வரிசையாக நிற்கும். பிள்ளை இறங்கி, பையை மாட்டி, மறந்த டிபன் பாக்சைத் திரும்பி வந்து வாங்கிப் போகும் வரை, பல வண்டிகளில் இன்ஜின் ஓடிக் கொண்டே இருக்கும்.

அந்தப் புகை முதலில் யாரிடம் போகிறது? உங்களிடம்தான்! புகைக்குழாய் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெரியவர்களின் மூக்கை விட உங்கள் மூக்குதான் அதற்கு அருகில். அதோடு, நீங்கள் பெரியவர்களை விட வேகமாக மூச்சு விடுகிறீர்கள். உங்கள் நுரையீரலும் இன்னும் வளர்ந்து கொண்டிருக்கிறது.

புகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் உண்டு. அவற்றின் அளவு 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. அதாவது, தலைமுடியின் தடிமனில் சுமார் 30ல் ஒரு பங்கு! பெரிய தூசியை மூக்கு பிடித்து நிறுத்திவிடும். இவற்றை நிறுத்த அதனால் முடியாது. நுரையீரலின் ஆழம் வரை போய்விடும். ஆஸ்துமா உள்ள உங்கள் தோழனுக்கோ, தோழிக்கோ இந்தப் புகை எவ்வளவு கஷ்டம் என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

* பள்ளி வாசலிலும், நீண்ட சிக்னலிலும் இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். பெட்ரோலும் மிச்சம்!

* டயரில் காற்று குறைந்தால் வண்டி திணறும். எரிபொருள் அதிகம் எரியும். பெட்ரோல் போடும்போது காற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

* ஏர் பில்டரைச் சுத்தமாக வைத்து, புகைப் பரிசோதனையை உரிய காலத்தில் செய்ய வேண்டும்.

* தெருமுனைக் கடைக்குப் பால் வாங்க பைக் எதற்கு? நடந்து போங்கள், சைக்கிளில் போங்கள்.

* பருப்பை ஊற வைத்து, பாத்திரத்தை மூடிச் சமைத்தால் காஸ் குறையும். விறகு அடுப்பு உள்ள வீடுகளில் காய்ந்த விறகைப் பயன்படுத்தி, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

* கொசுவர்த்திச் சுருளிலும் நுண்துகள் உண்டு. கொசுவலை கட்டினால் புகையே இல்லை.

* ஆளில்லாத அறையில் விளக்கும், மின்விசிறியும் வேண்டாம். மேட்டூர், தூத்துக்குடி போன்ற ஊர்களில் நிலக்கரியை எரித்துத்தான் மின்சாரம் தயாரிக்கின்றனர்.

* குப்பையை எரிக்கவே கூடாது. 2018ம் ஆண்டு போகியன்று, புகையும் பனியும் சேர்ந்து சென்னையை மூடியது. ஓடுபாதை தெரியாமல் விமானங்களையே வேறு ஊர்களுக்குத் திருப்பி விட்டனர். பழைய டயரும், பிளாஸ்டிக்கும் நெருப்புக்கு அல்ல, குப்பை வண்டிக்கு!

'நாம ஒருத்தர் நிறுத்தினா ஊரே மாறிடுமா?' என்று பெரியவர்கள் கேட்கலாம். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

முன்பெல்லாம் பெட்ரோலில் ஈயம் கலந்து விற்றார்கள். அந்தப் புகை குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர். இந்தியாவில் 2000ம் ஆண்டு அதை நிறுத்தினர். 2021ம் ஆண்டில் உலகம் முழுவதுமே வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்பது நின்றுவிட்டது. கெட்டுப் போன காற்றைத் திருத்த முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

அது சட்டத்தால் நடந்தது என்பது உண்மைதான். ஆனால், சட்டம் பெட்ரோல் பங்க் வரைதான் வரும். வண்டிச் சாவி நம் வீட்டு ஆணியில்தானே தொங்குகிறது?

இந்த வாரம் ஒரு வேலை தருகிறேன். பள்ளி வாசலில் இன்ஜினை அணைக்காமல் நிற்கும் வண்டிகளைத் தினமும் ஐந்து நிமிடம் தள்ளி நின்று எண்ணி, நோட்டில் குறித்து வையுங்கள். வெள்ளிக்கிழமை அதை உங்கள் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள். 'இங்கே இன்ஜினை அணைக்கவும்' என்று ஒரு அட்டை எழுதி வாசலில் மாட்ட அனுமதி கேளுங்கள். யாரிடமும் சண்டை வேண்டாம். 'அங்கிள், வண்டியை அணைச்சுடுங்க, ப்ளீஸ்...' என்று சிரித்தபடி கேட்டால் போதும்.

அடுத்த வாரமும் எண்ணிப் பாருங்கள். ஒரே ஒரு வண்டி குறைந்திருந்தாலும் வெற்றி உங்களுடையதே!

என்ன குட்டீஸ், நோட்டும் பென்சிலும் ரெடியா?