குடல் ஆபரேஷனுக்குப் பிறகும் அதே பி.பி மாத்திரையா?

கருங்குழியில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு வயது 64. (வள்ளலார் இருந்த வடலூர் பக்கத்துக் கருங்குழி இல்லை, இது செங்கல்பட்டிலிருந்து ரயிலில் வந்தால் மதுராந்தகத்துக்கு முந்தைய ஸ்டேஷன்.) பத்து வருடமாக பி.பி-க்கு தினமும் காலையில் இரண்டு மாத்திரை. எனாலப்ரில் ஒன்று, உடம்பிலுள்ள உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை ஒன்று. ஒருநாளும் தவறவிட்டதில்லை. சிக்கலே அதில்தான் வந்தது.

சில மாதங்களுக்கு முன் அவருக்கு மலக்குடல் புற்றுநோய் ஆபரேஷன் நடந்தது. உள்ளே தையல் ஆறும்வரை மலம் அந்த வழியே போகக் கூடாது என்று, சிறுகுடலின் கடைசிப் பகுதியை வயிற்றின் மேல் திறந்து, ஒரு பை பொருத்தி அனுப்பினார்கள். தற்காலிகம்தான், பிறகு மூடிவிடுவார்கள். டிஸ்சார்ஜ் அன்று பை மாற்றுவது எப்படி, புண்ணைப் பார்த்துக்கொள்வது எப்படி என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார்கள். பழைய பி.பி மாத்திரை பற்றிப் பேச்சே வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாளே பெரியம்மா பழைய டப்பாவைத் திறந்து வழக்கம்போலக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த இரண்டு வாரத்தில் எழுந்தால் தலைசுற்றல், ராத்திரியில் கெண்டைக்கால் இழுப்பு, நாக்கு வறட்சி. ‘ஆபரேஷன் பண்ண உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று பார்க்க வந்த எல்லோரும் சொன்னார்கள்.

கண்டுபிடித்தது, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அக்கா. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் மாத்திரையைக் கொடுப்பதோடு பி.பி-யும் பார்ப்பார்கள். பெரியப்பாவுக்கு 92/58. “ஐயா, நீங்க எழுந்திருக்காதீங்க” என்று சொல்லிவிட்டு உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போன் போட்டார். அன்று மாலை ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 2.9. ஆபரேஷனுக்கு முன்பு அது 1.0. சிறுநீரகம் சரியாக வடிகட்டவில்லை என்று அர்த்தம்.

ஏன் இப்படி? சிறுகுடலிலிருந்து வருவதில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதில் தினமும் ஒரு லிட்டருக்கும் மேல் உறிஞ்சிக்கொள்வது பெருங்குடலின் வேலை. பை சிறுகுடலிலேயே இருந்தால் அந்த நீரும் உப்பும் பையில் போய்விடும். உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகம் ஒரு உபாயம் செய்யும். அதன் வடிகட்டிக்குள் ரத்தம் நுழைய ஒரு நுண்குழாய், வெளியேற ஒன்று. வெளியேறும் குழாயைச் சுருக்கி, உள்ளே அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். எனாலப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவை அந்தச் சுருக்கத்தைத் தளர்த்துபவை. சாதாரண நாளில் அதுவே நன்மை. சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தைக் காக்க இதே மாத்திரைகளைத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். நீர் வற்றிய உடம்பில் அது தலைகீழாகிவிடுகிறது. கூடவே டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையும் சேர்ந்தால் நுழையும் குழாயும் சுருங்கும். பெரியப்பா முதுகுவலிக்கு மெடிக்கலில் வாங்கி அதையும் போட்டிருந்தார்!

எங்கள் வீட்டில் நடந்த இன்னும் இரண்டு தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். பி.பி-காரர் என்பதால் பெரியம்மா சாப்பாட்டில் உப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டார். சிறுகுடலில் பை வைத்தவருக்கு உப்புதான் அதிகம் வெளியேறுகிறது. எவ்வளவு சேர்க்கலாம் என்று டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தாலும் பை இன்னும் வேகமாக நிறையுமே தவிர தாகம் தீராது. ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரைத்துக் குடிப்பதுதான் உதவும். ஓ.ஆர்.எஸ் மாதிரியே அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்பு ஜூஸ் வேண்டாம், சர்க்கரை அதிகமானால் போக்கும் அதிகமாகும்.

இரண்டாவது, இளநீர். ஜி.எஸ்.டி சாலையில் வண்டியை நிறுத்தி ஆளாளுக்கு நாலு இளநீர் வாங்கி வந்தார்கள். அதில் சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் தளர்ந்திருக்கும்போது, அதிலும் எனாலப்ரில் சாப்பிடுபவருக்கு, பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். பாசத்தோடு வாங்கி வருபவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று பெரியம்மாவுக்கு ஒரே சங்கடம்.

மூன்று நாள் டிரிப்ஸ், அந்த இரண்டு மாத்திரைக்கும் தற்காலிக ஓய்வு. கிரியாட்டினின் 1.3-க்கு இறங்கியது. ஆனால் தொடங்க வேண்டிய கீமோ மூன்று வாரம் தள்ளிப்போனது. குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கேப்சிடபைன் மாத்திரையின் அளவைச் சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்; மிகவும் மோசமாக இருந்தால் கொடுக்கவே மாட்டார்கள். ஒரு பி.பி மாத்திரை புற்றுநோய் சிகிச்சையையே நிறுத்திவைக்கும் என்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததில்லை.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் பி.பி எகிறும் ஆட்களும் உண்டு. டிஸ்சார்ஜ் அன்றே பழைய மாத்திரைகள் அத்தனையையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோய், ‘இதில் எது தொடரணும், எது வேண்டாம், கிரியாட்டினின் எப்போ பார்க்கணும்’ என்று கேளுங்கள். பை ஒரு நாளில் ஒன்றரை லிட்டரைத் தாண்டினாலோ, வாந்தி பேதி வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். கூப்பிட யாரும் இல்லையென்றால் 104-க்கு அடிக்கலாம்.

பெரியப்பா இப்போது அம்லோடிபைன் மட்டும், அதுவும் குறைந்த அளவில். பையை மூடிய பிறகு பி.பி மறுபடி ஏறலாம், அப்போது பழைய மாத்திரை திரும்ப வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பெரியம்மா பேரனின் பழைய ரஃப் நோட்டில் தினமும் பி.பி, எடை, பை அளவு மூன்றையும் எழுதுகிறார். போன வாரம் அதை வாங்கிப் பார்த்த டாக்டர், அந்தப் பக்கத்தை போனில் போட்டோ எடுத்துக்கொண்டாராம்.