பவளத்துக்கு இரண்டு ஃபைல்

மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை வெளுத்துப்போகிறது என்று செய்தி வரும்போதெல்லாம், அடுத்த வரியிலேயே ‘கடல் அமிலமாகிவருகிறது’ என்றும் எழுதிவிடுகிறார்கள். படிப்பவர்கள் ஒன்றால்தான் மற்றது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் நடக்கும் எங்கள் கோஷ்டியிலும் இதே பேச்சுதான். ஆயுள் முழுக்கக் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: இவை இரண்டு தனித்தனி ஃபைல்கள். இரண்டிலும் குற்றவாளி மட்டும் ஒருவரே. அவர் பெயர் கரியமில வாயு.

முதலில் ஒரு விளக்கம். மாட வீதி நகைக்கடையில் மோதிரத்துக்குக் காட்டும் சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடல் சரக்கு. நான் சொல்வது பாறை கட்டும் பவளம். அது ஒரு சின்னஞ்சிறு பிராணி. அதன் சதைக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. ஸூஸாந்தெல்லே என்று பெயர். பவளம் இடமும், தன் கழிவிலிருந்து உரமும் தருகிறது. பாசி வெயிலில் சர்க்கரை தயாரித்து, பெரும்பங்கை வீட்டுக்காரருக்கே கொடுத்துவிடுகிறது. பல பவளங்களுக்குத் தேவையான சக்தியில் 90 சதவீதம் வரை இப்படித்தான் கிடைக்கிறது. குடித்தனக்காரர் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு போடும் அதிசயத்தை நம் மயிலாப்பூர் ஒண்டுக்குடித்தனங்களில்கூடப் பார்த்ததில்லை!

முதல் ஃபைல், சூடு. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரங்கள் நீடித்தாலே பாசியின் சமையல் கெட்டு நச்சுப் பொருட்கள் உண்டாகின்றன. பவளம் அதை வெளியேற்றிவிடுகிறது. நிறம் பெரும்பாலும் பாசியுடையது என்பதால் உள்ளிருக்கும் சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் இது பெரிய அளவில் நடந்தது. வெளுத்தவுடன் பவளம் செத்துவிடுவதில்லை. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும். தணியாவிட்டால் பட்டினிச் சாவு.

இரண்டாவது ஃபைல், அமிலம். நாம் விடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்த கடல்நீரின் பி.ஹெச். இப்போது சுமார் 8.1. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அந்தக் கணக்கில் இது ஏறத்தாழ 30 சதவீத அமிலக் கூடுதல். கடல் எலுமிச்சைச் சாறாகிவிடவில்லை, இன்னும் காரத்தன்மைதான். போகிற திசைதான் கவலை.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். சுண்ணாம்புத் தெளிநீரை ‘ஓ த ஷோ’ என்பார்கள். அதில் குழாய் வைத்து ஊதினால் பால்போல் வெளுக்கும். விடாமல் ஊதினால் மறுபடி தெளிந்துவிடும், உண்டான சுண்ணாம்பு கரைந்துபோகும். கடலிலும் இதே ரசாயனம்தான். கரியமில வாயு ஏற ஏற, பவளம் எலும்பு கட்டத் தேவையான கார்பனேட் குறைகிறது.

அப்படியானால் பாசிக்கு என்ன ஆகிறது? நேராகச் செத்துவிடும் என்றுதான் நினைப்போம். ஆய்வுகள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. கரியமில வாயு பாசிக்கு மூலப்பொருள், ஆகவே சில வகைகள் அதிகமாகவே சமைக்கின்றன. வேறு சில சோதனைகளில் அமிலம் கூடியதும் வெளுப்பும் கூடியது. நிச்சயமாகத் தெரிவது இது: கார்பனேட் குறைந்த நீரில் எலும்பு கட்டப் பவளம் கூடுதல் சக்தி செலவழிக்க வேண்டும். அந்தச் சக்தி பாசி போடும் சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். அமிலம் செலவை ஏற்றுகிறது, சூடு வரவை நிறுத்துகிறது. மருந்துச் செலவு ஏறிய மாதத்திலேயே பென்ஷனும் நின்றால் எப்படி இருக்கும் என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்கா அமைத்தார்கள். அதற்குப் பிறகும் தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டினார்கள். 2001-ல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது. சுனாமிக்குப் பின் வெட்டுவது அடங்கியது. அதற்குள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. தேய்ந்துவந்த வான் தீவைக் காக்க 2015 முதல் கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். நம் அடையாறு பக்கத்து ஐ.ஐ.டி.யின் கையும் அதில் உண்டு. நல்ல காரியம், பாராட்டுகிறேன்.

ஆனால் அத்தோடு ‘நடவடிக்கை முடிந்தது’ என்று எழுதி ஃபைலைக் கட்டிவிடக் கூடாது. கான்கிரீட்டுக்குப் பாசி தேவையில்லை, அதன்மேல் வளரப்போகும் பவளத்துக்குத் தேவை. அதே தூத்துக்குடிக் கரையில்தான் நிலக்கரி அனல்மின் நிலையமும் நிற்கிறது. அப்படி நிலக்கரியில் வரும் மின்சாரத்தில்தான் தி.நகர் ஜவுளிக்கடை விளக்கும் என் வீட்டு ஏ.சி.யும் ஓடுகின்றன.

என் கோரிக்கை இரண்டு. வெளுப்பு கண்ணுக்குத் தெரிகிறது, படம் எடுக்கலாம். அமிலத்தைப் படம் எடுக்க முடியாது. ஆகவே வளைகுடாவின் வெப்பத்தோடு பி.ஹெச். அளவையும் மீனவர்களுக்குப் புரியும் தமிழில் ஆண்டுதோறும் வெளியிடுங்கள். இரண்டாவது, பவளத்தைக் காக்கும் துறையும் மின்சாரத் துறையும் ஒரே மேஜையில் உட்காரட்டும். கழிவுநீரைத் தடுப்பதும் இழுவலையைக் கட்டுப்படுத்துவதும் பவளத்துக்குத் தெம்பும் அவகாசமும் தரும். அந்த அவகாசத்துக்குள் கரியைக் குறைக்காவிட்டால், கொட்டிய கான்கிரீட் மட்டும்தான் மிஞ்சும்.