முதலில் போட்டுவிட்டுப் பிறகு திருத்தலாமா?

"முதலில் போடுவோம், தவறென்றால் உடனே மாற்றிக்கொள்வோம்" என்பது தொலைக்காட்சிச் செய்தி அறைகளில் ஏறக்குறைய விதியாகிவிட்டது. அச்சான நாளிதழைத் திரும்பப் பெற முடியாது, திரையில் ஓடும் வரியை நொடியில் எடுத்துவிடலாம் என்கிறார்கள். எடுக்க முடிவது அந்த வரியை மட்டும்தான். 2011 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் டூசான் நகரில் நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் தலையில் சுடப்பட்டார். அவர் இறந்துவிட்டதாக முதலில் ஒரு வானொலியும், தொடர்ந்து சி.என்.என். உள்ளிட்ட தொலைக்காட்சிகளும் அறிவித்தன. அவரைப் பார்க்க விமானத்தில் விரைந்துகொண்டிருந்த கணவர் மார்க் கெல்லி, விமானத்தில் இருந்த டி.வி.யில் அதைக் கேட்டார். கிஃபர்ட்ஸோ உயிரோடு இருந்தார். திருத்தம் வந்தது, மன்னிப்பும் வந்தது. இடைப்பட்ட நேரத்தில் அந்தக் கணவர் பட்ட துயரத்தை இரண்டும் துடைக்கவில்லை.

"எல்லாச் சேனலிலும் வந்துவிட்டதே" என்பது அடுத்த சமாதானம். 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல் இரவில் ஃபுளோரிடாவை அல் கோர் வென்றதாகப் பெரிய தொலைக்காட்சிகள் எல்லாம் அறிவித்தன. பின்வாங்கின. நள்ளிரவுக்குப் பிறகு எதிர்வேட்பாளர் புஷ் வென்றதாக அறிவித்து, மறுபடியும் பின்வாங்கின. அத்தனை பேரும் நம்பியிருந்தது, அவர்களே கூட்டாக நடத்திய ஒரே நிறுவனத்தின் கணக்கை. ஐந்து வாய் சொன்னாலும் ஆதாரம் ஒன்றுதான்.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது "கடைசியில் உண்மையாகத்தானே ஆனது" என்ற வாதம். 2016 டிசம்பர் 5 மாலை, முதலமைச்சர் ஜெயலலிதா காலமானதாகத் தமிழ்ச் சேனல்கள் சில அறிவித்தன. அ.தி.மு.க. தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. அப்பல்லோ மருத்துவமனை மறுத்ததும் மீண்டும் ஏறியது. மருத்துவமனை வாசலில் தொண்டர்கள் திரண்டு கிடந்த மாலை அது. ஒரு பிரேக்கிங் நியூஸ் சென்னை முழுவதையும் கொந்தளிக்க வைத்திருக்க முடியும். அன்றிரவு 11.30 மணிக்கு அவர் இறந்ததாகப் பின்னர் மருத்துவமனை அறிவித்தது. ஆனால் மாலையில் போட்டவர்களிடம் இருந்தது உறுதிசெய்யப்படாத பேச்சுதான். மரணத்தை உறுதிசெய்ய வேண்டிய மருத்துவமனை அப்போது அதை உறுதிசெய்யவில்லை. இரவில் நடந்தது மாலை அறிவிப்புக்குச் சான்றாகாது. அதைச் சான்றென ஏற்றால், நாளைக்கு எந்த வதந்தியையும் துணிந்து போடலாம்.

காத்திருந்தால் பார்வையாளர் அடுத்த சேனலுக்குப் போய்விடுவார் என்ற அச்சம் பொய்யல்ல, டி.ஆர்.பி. நெருக்கடியில் வேலை செய்பவர்களை எளிதாகக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் சரிபார்ப்பது என்றால் திரையை வெறுமையாக வைத்திருப்பது என்று பொருளல்ல. புயல் எச்சரிக்கையை வானிலை ஆய்வு மையம் தந்த நொடியிலேயே ஒளிபரப்பலாம். அங்கே பொறுப்பேற்று அறிவிக்க வேண்டியவரே அறிவித்துவிட்டார். அந்த டிசம்பர் மாலையிலும் "முதலமைச்சரின் நிலைமை மிகவும் கவலைக்கிடம், மருத்துவமனை அதற்கு மேல் எதையும் அறிவிக்கவில்லை" என்று எந்தச் சேனலும் தயங்காமல் சொல்லியிருக்கலாம்.