வீட்டுக்குத்தானே!

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை நான் திருச்சி டவுனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் வந்து சேர்ந்தார். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்.

"எங்கே புறப்பாடு?" என்றார்.

"ஒரு வைஸ் வாங்கப் போகிறேன்" என்றேன்.

"வைஸ் சான்ஸலர் தெரியும், வைஸ் பிரஸிடெண்ட் தெரியும். அதென்ன ஐயா வெறும் வைஸ்?"

அவர் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது. கொஞ்சம் துக்கமும் வந்தது. இந்தத் திருச்சிச் சீமை எப்படிப்பட்டது? 1928 முதல் பொன்மலையில் ரயில்வே பட்டறை நடக்கிறது. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி என்ஜினையே புதிதாகச் செய்து கொடுத்த கைகள் அங்கே இருக்கின்றன. திருவெறும்பூர்ப் பக்கம் 1960-களில் வந்த பெல் தொழிற்சாலையிலிருந்து நாட்டின் மின் நிலையங்களுக்கெல்லாம் கொதிகலன் போகிறது. இத்தனை இரும்பு உருவாகிற ஊரில் ஆயுள் முழுவதும் வாழ்ந்த ஒருவருக்கு, அந்த இரும்பை எதில் பிடித்து ராவுகிறார்கள் என்பது தெரியவில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் என் யோக்கியதையும் அதுதான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வைஸ் என்பது பட்டறை மேஜையின் விளிம்பில் பொருத்தியிருக்கும் இரும்புப் பிடி. அதற்கு இரண்டு தாடைகள். ஒன்று அசையாது, மற்றொன்றை ஒரு திருகு முன்னும் பின்னும் நகர்த்தும். நடுவில் வைத்த பொருளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அறுப்பது, அரத்தால் ராவுவது, வளைப்பது, துளை போடுவது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் இருப்பது முக்கொம்புக்குப் பக்கத்தில். பிடி என்பதன் அருமையை இங்கே இருப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்கேயிருந்து ஒன்றாக வருகிற ஆறு இங்கேதான் காவேரி என்றும் கொள்ளிடம் என்றும் பிரிகிறது. கொள்ளிடம் பள்ளமானது, விட்டால் தண்ணீரையெல்லாம் தானே வாரிக்கொண்டு போய்விடும். ஒரு காலத்தில் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கியது அந்தத் தண்ணீரைப் பிடித்து நிறுத்துவதற்காகத்தான். 2018 ஆகஸ்டு 22-ந் தேதி இரவு, வெள்ளத்தில் கொள்ளிடக் கதவணையின் ஒன்பது மதகுகள் உடைந்து போயின. பிடித்திருக்க வேண்டியது பிடியை விட்டால் என்ன ஆகும் என்பதை ஊரே போய்ப் பார்த்தது. பிறகு புதிய கதவணை எழுந்தது. அதைக் கட்டும்போது யாராவது, "ஊருக்குத்தானே, ஏதோ ஒன்று போதும்" என்று சொல்லியிருந்தால் அவரை ஆற்றிலேயே தள்ளியிருப்பார்கள்.

ஆனால் வீட்டுக்கு ஒரு பிடி வாங்கப் போகும்போது அதே வார்த்தையை நாம் நாலு பேர் எதிரில், வெட்கமில்லாமல் சொல்லுகிறோம். "வீட்டுக்குத்தானே!" இந்த ஒரு சொல்லின் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

மூன்று வருஷத்துக்கு முன் நான் முதல் வைஸ் வாங்கின கதை இதுதான். கொல்லையில் மாடு இல்லாத மாட்டுக் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. அங்கே ஒரு சிறு பட்டறை போடலாம் என்று எனக்கும், பள்ளிக்கூடத்தில் படிக்கும் என் பெண்ணுக்கும் ஆசை. கடைக்குப் போனேன். கடைக்காரர் பளபளவென்று நீல வர்ணம் அடித்த ஒன்றை எடுத்து வைத்தார். நாலு அங்குலத் தாடை. அடிப்பீடம் சக்கரம் போலச் சுற்றும். "வீட்டுக்குத்தானே சார்? இது தாராளமாப் போதும்" என்றார். விலையும் குறைவு. குழந்தைக்கு ரிப்பன் வாங்குகிறவனைப் போல வர்ணத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

என் பெண் தன் சைக்கிள் கூடைக்கு ஓர் இரும்புத் தாங்கி செய்ய ஆரம்பித்தாள். பட்டையை வைத்து அறுப்பாள், பட்டை சாயும். மறுபடி இறுக்குவாள், பீடம் திரும்பிக்கொள்ளும். அரம் போட்டால் பட்டை கிடுகிடுவென்று நடுங்கிக் கத்தும். ஒரு வாரம் போராடினாள். ஒரு நாள் சாயங்காலம் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குக் கை வரலப்பா" என்றாள். நானும் மகா மேதாவியைப் போல, "பழகப் பழக வரும் அம்மா" என்று உபதேசம் செய்தேன். மறுநாள் பட்டையை வளைப்பதற்காகச் சிறு சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினாள். வைஸின் முன் தாடை பொரி விளங்காய் உருண்டையைப் போல உடைந்து விழுந்தது. பட்டை தெறித்துக் கட்டை விரலைக் கிழித்தது. இரண்டு தையல்.

காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. அவள் பட்டறைப் பக்கம் திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. என் வழக்கே இதுதான். மட்டமான கருவி பணத்தைத் தின்றால் போகிறது. அது கற்றுக்கொள்ள வருகிறவரிடம் பொய் சொல்லுகிறது. "தப்பு என்னுடையதல்ல, உன் கையுடையது" என்கிறது. கைத்தேர்ச்சி உள்ள தொழிலாளி அந்தப் பொய்யை உடனே கண்டுபிடித்துவிடுவான். புதிதாகப் பழகுகிறவர் நம்பிவிடுவார். ஆகவே மட்டக் கருவியை வைத்துக்கொண்டு சமாளிக்கக்கூடியவன் தொழிலாளி. நல்ல கருவி அவசியமாக வேண்டியவர் வீட்டில் பழகுகிறவர். கடைக்காரரின் நியாயம் தலைகீழாக நிற்கிறது!

எங்கள் அடுத்த தெருவில் பொன்மலைப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவது. உடைந்த வைஸைக் கொண்டுபோய்க் காட்டினேன். உடைந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "பாப்பா கையில தப்பு இல்ல தம்பி. இது பிடிக்கவே இல்ல. பிடிக்காத சாமானை வச்சுக்கிட்டு யாரு வேலை செய்ய முடியும்?" என்றார். பிறகு ஒரு வைஸை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்னதையும், பிறகு நானே கையைச் சுட்டுக்கொண்டு தெரிந்துகொண்டதையும் சேர்த்துத் தருகிறேன்.

முதலில் இரும்பு. சாதாரண வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது. அதற்குள் கரி மெல்லிய செதில் செதிலாக இருக்கிறது. ஒவ்வொரு செதிலும் ஒரு கீறலுக்குச் சமம். அதே கரியை உருண்டை உருண்டையாக அமைத்து வார்க்கும் வித்தையை 1940-களில் கண்டுபிடித்தார்கள். அந்த இரும்பு சட்டென்று உடையாது. வார்ப்பு எஃகு அதைவிட உத்தமம். சாதாரண வார்ப்பிரும்புதான் கிடைக்கிறது என்றால் கனமானதாகப் பார்க்க வேண்டும். ஒரே அளவுத் தாடை உள்ள இரண்டைத் தூக்கிப் பார்த்தால் எதில் இரும்பைத் திருடியிருக்கிறார்கள் என்று கையே சொல்லிவிடும்.

'வீட்டு வேலைக்கு என்ன பெரிய பலம்?' என்பவர்களுக்கு ஒரு கணக்கு. கைப்பிடியின் நீளம் மையத்திலிருந்து 20 செண்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு உங்கள் கை சுமார் 125 செண்டிமீட்டர் போகிறது. தாடை நகர்வது அரை செண்டிமீட்டர். 250 மடங்கு! பத்துக் கிலோ பலத்தோடு தள்ளினால் கணக்குப்படி 2,500 கிலோ. முக்கால் பங்கை உராய்வு தின்றுவிட்டாலும் 600 கிலோவுக்கு மேல் மிஞ்சும். இது என் பெண்ணின் கையில் இருக்கிற பலம். தொழிற்சாலைத் திருகுக்கு ஒரு கணிதம், வீட்டுத் திருகுக்கு ஒரு கணிதம் என்று இல்லை.

அடுத்தது தாடை. ஒரே காகிதத்தில் இரண்டு துண்டு கிழித்து, தாடையின் இரண்டு ஓரங்களிலும் வைத்து மிதமாக இறுக்குங்கள். இரண்டையும் இழுத்துப் பாருங்கள். ஒன்று சுலபமாக வந்துவிட்டால் தாடை கோணல்; வாங்காதீர்கள். பிறகு தாடையைப் பாதி திறந்து, முன் தாடையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். தளதளவென்று ஆடினால் இறுக்கும்போது அது மேலே தூக்கிக்கொள்ளும். வைத்த பொருள் சாயும். தாடையின் முகத்தில் கடினப்படுத்திய எஃகுத் தகடு திருகாணியால் பொருத்தியிருக்க வேண்டும், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். திருகின் மரை சதுரமாகவோ அதற்குக் கிட்டத்தட்டவோ இருக்க வேண்டும். கூரான மரை சீக்கிரம் தேயும்.

சுற்றும் பீடம் பார்வைக்கு அழகு. தன் வேலைக்கு அது கட்டாயம் தேவை என்று அறிந்தவர் நல்லதாகப் பார்த்து வாங்கட்டும். முதல் வைஸ் வாங்குகிறவருக்கு நிலையான பீடமே போதும்; ஆடுவதற்கு ஓர் இடம் குறையும். வீட்டுக்கு நாலு அங்குலம் சரியான அளவு. மர வேலையே முக்கியம் என்றால் அதற்கென்று வேறு ஜாதி வைஸ் இருக்கிறது. அதன் தாடைகளுக்கு மரப்பலகை முகம் வைத்து, மேஜை மட்டத்துக்குச் சமமாகப் பொருத்துவார்கள்.

வாங்கினால் மட்டும் போதாது. மேஜைக் காலுக்கு நேர் மேலே, போல்ட்டை முழுக்க ஊடுருவவிட்டு, அடியில் பெரிய வாஷர் போட்டு முடுக்க வேண்டும். அசையாத் தாடை மேஜை விளிம்பைத் தாண்டிச் சற்று வெளியே நிற்க வேண்டும். அப்போதுதான் நீளமான சாமானைச் செங்குத்தாகப் பிடிக்கலாம். முஷ்டியை மோவாயில் வைத்து நின்றால் முழங்கை தாடையின் உச்சியைத் தொட வேண்டும், அதுதான் உயரம். கைப்பிடியில் குழாயைச் செருகி இறுக்குவதும், சுத்தியலால் தட்டி இறுக்குவதும் மகா பாவம்.

இனி ஆட்சேபணைகள். "நம் தச்சர் காலாலேயே பலகையைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யவில்லையா?" என்பார் ஒருவர். செய்கிறார், கும்பிட வேண்டிய கால் அது. தட்டார் நகையை அரக்கில் பதித்துப் பிடிக்கிறார். எந்தத் தொழிலும் பிடிப்பதில்தான் ஆரம்பமாகிறது என்பதற்கு அவர்களே சாட்சி. சிறு வயது முதல் பழகிய அந்தக் கால் விரல் உங்களுக்கும் எனக்கும் இல்லை.

"பணம் உள்ளவன் பேச்சு" என்பார் இன்னொருவர். நான் இரண்டாவது வைஸ் வாங்கியது பழைய இரும்புக் கடையில். அண்ணனும் கூட வந்தார். வர்ணம் போய்த் துருப்பிடித்துக் கிடந்த நிலைப்பீட வைஸ் ஒன்றைப் புரட்டினார், சுத்தியலால் மெல்லத் தட்டி ஓசை கேட்டார், விரிசல் இல்லை. காகிதப் பரீட்சையில் தேறிற்று. எடை போட்டு வாங்கினோம். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தேன். தாடைத் தகடு மட்டும் புதிது. உடைந்துபோன அந்த நீல அழகியின் விலையைவிட அதிகம் ஆகவில்லை.

"ஆளைக் கூப்பிட்டால் வந்து செய்துவிட்டுப் போகிறான். நமக்கு எதற்கு?" என்பதுதான் நம் வகுப்பாரின் பிரம்மாஸ்திரம். கூப்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கதவுக் கீலை ஒரு மணி நேரம் நானே ராவிச் சரிசெய்த நாளிலிருந்து, வேலைக்கு வருகிறவரிடம் கூலி பேரம் பேச எனக்கு நாக்கு எழவில்லை. இந்த ஒரு லாபத்துக்காகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வைஸ் இருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

பழைய வைஸைப் பொருத்தி இரண்டு நாள் கழித்து, என் பெண் ஒன்றும் பேசாமல் கொட்டகைக்குள் வந்தாள். துண்டுப் பட்டை ஒன்றை வைத்து இறுக்கி, அரத்தை எடுத்து நாலு இழுப்பு இழுத்தாள். பட்டை கத்தவில்லை. நின்று பார்த்தாள். மறுபடி இழுத்தாள். "அப்பா, இது அசையவே இல்லை" என்றாள். இப்போது அவள் சைக்கிள் கூடை அவள் செய்த தாங்கியின் மேல்தான் இருக்கிறது. ஒரு பக்கம் அரை நூல் கோணல். அது அவளுடைய கோணல். எங்கே தப்பினாள் என்று அவளுக்கே தெரியும். அடுத்ததில் திருத்திக்கொள்வாள்.

ஆகவே, வாசகர்களே, கடைக்காரர் உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "வீட்டுக்குத்தானே?" என்று கேட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம். "ஆமாம் ஐயா, வீட்டுக்குத்தான். அங்கேதான் என் குழந்தை இருக்கிறாள். நல்லதாக எடுத்துக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பையிலிருந்து இரண்டு காகிதத் துண்டுகளை வெளியே எடுங்கள்.