கிடங்கில் தவறிய நெல்

மாசி பிறந்துவிட்டது. பிளவக்கல் அணை நீரை நம்பி நடவு செய்த எங்கள் வத்திராயிருப்பு வட்டார வயல்களில் அறுவடை நடைபெற்று வருகிறது. சென்ற வாரம் அமிர்தக் கரைசல் தயாரிக்கும் முறையை எழுதியிருந்தேன். அதைப் படித்த அன்பர்கள் சிலர், 'விளைந்த பின் எப்படிப் பாதுகாப்பது?' என்று கேட்டிருக்கிறார்கள். விடை கூறுமுன் என் தவறு ஒன்றைக் கூறியாக வேண்டும்.

சுந்தரபாண்டியத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை உண்டு. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்நிலத்தில் இரசாயன உரத்தையும் பூச்சிக்கொல்லியையும் அறவே நிறுத்தினேன். முதலாண்டு விளைச்சல் பாதியாகக் குறைந்தது. 'ஓய்வூதியம் இருக்கிறது, உங்களுக்கென்ன கவலை' என்று ஊரார் நகைத்தனர். பொறுமை வீண் போகவில்லை. பின்னர் தூயமல்லி நன்கு விளைந்தது. அண்டை விவசாயிகளோடு ஐவராகக் குழு அமைத்து, பி.ஜி.எஸ். எனப்படும் பங்கேற்பு உத்தரவாத முறையில் சான்றும் பெற்றோம். அந்த மகிழ்ச்சியில், மார்கழி 27-ஆம் நாள் கூடாரவல்லியன்று ஊர்க் கோயிலில் சமர்ப்பிக்கும் அக்காரவடிசிலுக்கு என் வயல் அரிசியையே தருவதாக அர்ச்சகரிடம் வாக்களித்தேன்.

மாசியில் அறுத்த நெல் மார்கழி வரை இருக்க வேண்டுமே! வீட்டில் இடமில்லாததால் உறவினர் ஒருவரின் கிடங்கில் மூட்டைகளை அடுக்கினேன். கூடாரவல்லிக்கு இரண்டு நாள் முன்பு நெல்லை எடுக்கச் சென்றபோது அவர், "ஆடியில் வண்டு விழுந்தது அத்தான். என் நெல்லோடு உங்கள் நெல்லுக்கும் சேர்த்து மாத்திரை வைத்து மூடிவிட்டேன்" என்றார். அவர் சொன்னது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. காற்றின் ஈரம் பட்டதும் நச்சுவாயுவாக மாறிப் பூச்சிகளைக் கொல்வது. இயற்கை வேளாண் சான்று விதிகள் அதை அனுமதிப்பதில்லை.

அவர் அன்பினால் செய்தார். அவரிடம் முன்கூட்டியே எச்சரிக்காத குற்றம் என்னுடையது. தானிய ஈட்டுக் கடனுக்காக எத்தனையோ கிடங்குகளைச் சோதித்துக் கையெழுத்திட்டவன் நான். என் சொந்த நெல் கிடந்த இடத்தை ஒருமுறை கூடச் சென்று பார்க்கவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. வாய் திறவாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. அரிசியின் நிறமும் மணமும் மாறவில்லை. ஆனால் 'இயற்கை விளைபொருள்' என்று சொல்லும் தகுதியை அது இழந்துவிட்டது. காலையில் அர்ச்சகரிடம் உள்ளதைச் சொன்னேன். "சொல்லிவிட்டீர்களே, அது போதும் ஐயா. இந்த ஆண்டு கடை அரிசியில் தளிகை ஆகட்டும்" என்றார். குழுவினரிடமும் தெரிவித்துப் பதிவேட்டில் எழுதினோம். அந்த நெல் முழுவதையும் நடந்ததைச் சொல்லிச் சாதாரண விலைக்கே விற்றேன்.

அருகிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் அமைத்து, அதன் மலர்களை மாலையாக்கிப் பெருமாளுக்குச் சூட்டினார். நட்டவரும் பறித்தவரும் தொடுத்தவரும் ஒருவரே. அங்கே சான்றிதழுக்கு இடமேது? இன்று வயலுக்கும் மடப்பள்ளிக்கும் இடையே பல கைகள் இருக்கின்றன. அத்தனை கைகளும் தூய்மை காத்தன என்று கணக்கு வைத்துச் சொல்வதே சான்று.

ஆகவே அறுவடை செய்யும் அன்பர்கள் இவற்றைக் கவனியுங்கள்:

நெல்லை நன்றாகக் காயவிடுங்கள். கடித்தால் 'நறுக்'கென்று முறிய வேண்டும். ஈரம் மிகுந்தால் பூஞ்சையும் வண்டும் எளிதில் வரும்.

உரம் வந்த சாக்கில் ஒருபோதும் நிரப்பாதீர்கள். புதிய சணல் சாக்கே நல்லது. மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். இடையிடையே உலர்ந்த வேப்பிலை, நொச்சியிலை இடலாம். மாதம் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

பிற நெல்லோடு ஒரே அறையில் வைக்க நேர்ந்தால் தனியே பிரித்து, விளைந்த வயல், அறுத்த நாள், எடை எழுதிய அட்டையைக் கட்டுங்கள். 'மருந்து வைக்கக் கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதி மாட்டுங்கள்.

அரைவை ஆலையில் இயந்திரத்தைத் துடைத்த பின், அன்றைய முதல் அரைவையாக உங்கள் நெல்லைப் போடச் சொல்லுங்கள். முதலில் விழும் சில படி அரிசியைத் தனியே ஒதுக்கிவிடுங்கள்.

வாங்கும் குடும்பத்தாரும் பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் இயற்கை உணவு ஒழுங்குமுறை விதிகளின்படி, சான்று பெற்ற பொட்டலத்தில் 'ஜைவிக் பாரத்' முத்திரை இருக்கும். விளைவித்தவரே நேரடியாக விற்கும்போது சிறு விவசாயிகளுக்குச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அம்முத்திரையை அவர்கள் இடலாகாது. அவர்களிடம் எங்கே விளைந்தது, எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேளுங்கள். நேர்மையான விவசாயி அக்கேள்வியால் மகிழ்வாரேயன்றி வருந்தமாட்டார்.

மாற்றத்தை இனித் தொடங்குவோர் பொறுமை கொள்ளுங்கள். தேசிய விதிகளின்படி நெல் போன்ற பயிர்களுக்குப் பொதுவாக விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டுகளும், தென்னை, மா போன்றவற்றுக்கு முதல் அறுவடைக்கு முன் மூன்று ஆண்டுகளும் மாற்றக் காலமாகும். வழிகாட்டுதலுக்குத் தமிழ்நாடு அரசின் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையை அணுகலாம்.

இவ்வாண்டு நெல்லுக்காக எங்கள் வீட்டின் பின்கட்டு அறையைக் காலி செய்துவிட்டோம். கதவருகே ஆணியில் ஒரு பதிவேடு தொங்குகிறது. அடுத்த கூடாரவல்லிக்கு ஒரு மூட்டை அரிசி தருவதாக மீண்டும் வாக்களித்திருக்கிறேன். இம்முறை அரிசியோடு பதிவேட்டையும் எடுத்துச் சென்று அர்ச்சகரிடம் காட்டப் போகிறேன்.